நாற்பது நிமிஷச் சம்மணம்

வைமாலு, சவாயி தீவு
12 மார்ச் 1995

தம்பி ஃபெரெதிக்கு அக்கா அக்கெனேசே எழுதுறது.

கடை போனுக்கு இனிமே கூப்பிடாதே. நேத்து கடைக்காரி என் பேரைச் சொல்லிக் கத்தினதும் எனக்குப் பின்னாலயே பாதி ஊர் வந்து நின்னுச்சு. "நல்லா இருக்கீங்களா அக்கா"ன்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி கேட்டே பாரு, எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. லைன் கட் ஆகலை, நான்தான் வச்சேன். சொல்ல வேண்டியது இருந்தா எழுது. எழுதினா ஒருத்தி மட்டும்தான் படிப்பா.

நீ மறந்திருப்பே, நானே சொல்றேன். அப்பாவை அடக்கம் பண்றதுக்கு முந்தின நாள் ஆக்லாந்துல இருந்து வந்து இறங்கினே. இறங்கின கையோட சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு கல் அடுப்புக்குக் கல்லு சுமந்தே. ரெண்டு பன்னியை, ஒண்ணு மாத்தி ஒண்ணு, தோள்ல போட்டுட்டு வந்தே. சித்தப்பா சோலோமோனா போறவர்றவங்ககிட்ட எல்லாம் என் அண்ணன் பையனைப் பாருன்னு பீத்திக்கிட்டார். மறுநாள் பக்கத்து ஊர்ப் பட்டக்காரங்க வந்து வரிசையா உட்கார்ந்து அப்பாவுக்கு மரியாதை சொல்லிப் பேசிட்டு இருக்காங்க. பேச்சு பாதியில இருக்கு. நடுவுல அப்பா பெட்டி இருக்கு. நீ பாட்டுக்கு எழுந்தே. குனிஞ்சு ஒரு மன்னிப்புகூடக் கேட்கலை. விறுவிறுன்னு வெளியே போயிட்டே. நான் பின்னாடி வந்து பார்த்தா, பாதிரியார் வண்டியோட பின்பலகையில மல்லாந்து படுத்திருக்கே, கண்ணை மூடிக்கிட்டு. என்னடான்னு கேட்டா "இடுப்பு"ன்னே. அப்பா சாவுக்கு நீ எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

நேத்து பன்னி தூக்கின இடுப்புக்கு இன்னிக்கு உட்கார முடியலையான்னு ஊரே கேட்குது. நான் என்ன பதில் சொல்லட்டும்? பெரியப்பா மகன் அலபாத்தியோட பொண்டாட்டி என் முகத்துக்கு நேராச் சிரிச்சா. அப்பாவோட குடும்பத் தலைவர் பட்டம் இப்ப ஆளில்லாம இருக்கு. சித்தப்பா உன்னைத்தான் மனசுல வச்சிருந்தார். இப்ப என்ன சொல்றார் தெரியுமா, உட்காரத் தெரியாதவனுக்குப் பட்டம் எதுக்கு, அலபாத்தி நல்லா உட்காருவான்னு. ஜனவரியில முடிவு பண்ணப் போறாங்க.

நீ ஏன் எழுந்து போனேன்னு எனக்குத் தெரியணும். பொய் எழுதுறதா இருந்தா ஸ்டாம்பை வீணாக்காதே.

அக்கெனேசே


மாங்கரே, ஆக்லாந்து
3 ஏப்ரல் 1995

அக்காவுக்கு,

இந்த லெட்டர் விட்டு விட்டு வரும், கோவிச்சுக்காதீங்க. மேஜை மேல முட்டைக் கடிகாரம் ஒண்ணு ஓடிட்டு இருக்கு. முட்டை வேக வைக்கிறப்ப திருகி விடுவாங்களே, அதுதான். இருபது நிமிஷம் ஆனதும் அடிக்கும். அடிச்சா நான் எழுந்துடணும். வலிச்சாலும் எழுந்துடணும், வலிக்கலைன்னாலும் எழுந்துடணும். ஆஸ்பத்திரியில உத்தரவு.

கறித் தொழிற்சாலையில ஆட்டுத் தொடையை மாட்டுறப்ப இடுப்பு பிசகி மூணு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட "கொஞ்சம் பிடிச்சிருக்கு"ன்னு மட்டும்தான் சொன்னேன். மூணு டாக்டர் பார்த்தாச்சு. படத்துல ஒண்ணும் இல்ல, வெட்டி எடுக்க ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. படத்துல இல்லாத வலியை யாரு நம்புவா? முதலாளி நம்பலை. தேவாலயத்துல நம்பலை. அப்பா மட்டும் போன்ல, வலிக்குதுன்னு நீ சொன்னா வலிக்குதுன்னுதான்டா அர்த்தம்னார். அப்படிச் சொன்ன மனுஷனோட பெட்டி முன்னால நான் எழுந்து போயிருக்கேன். எனக்கு உறைக்காதுன்னு நினைக்கிறீங்களா?

அடிச்சிருச்சு. நடந்துட்டு வர்றேன்.

வந்துட்டேன். வீட்டை ரெண்டு சுத்து. நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்கிறதை நிறுத்திடுச்சு.

போன மாசம் வலிக்குன்னே இருக்கிற ஒரு வகுப்புல சேர்த்தாங்க, மூணு வாரம். எட்டுப் பேர். நர்ஸ் பேரு நைரீ. முதல் நாளே, உங்க வலி போகாமலே இருக்கலாம், அதோட இருந்து பழகத்தான் இங்க கூப்பிட்டிருக்கோம்னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் காலையில லோசா வண்டியை எடுத்து என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டா. என் பொண்டாட்டியைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே.

பன்னியைச் சொல்றேன். அதுதான் தப்பு அக்கா. உட்கார்ந்தது இல்ல. விமானத்துல இருந்து இறங்கினதும் வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எல்லாரும் பார்க்கிறாங்க. மூணு வருஷமா ஆம்பளை மாதிரி ஒரு வேலை செய்யலை. தூக்கிட்டேன். எங்க வகுப்புல எட்டுப் பேரும் இதே கிறுக்குதான். கொலின்னு ஒரு பிளம்பர், வலி இல்லாத ஒரு நாள்ல வீடு பூரா பெயிண்ட் அடிச்சுட்டு ஒன்பது நாள் படுக்கையில கிடந்தான். நல்ல நாள்தான் நமக்கு எமன்னு சொல்லிச் சிரிப்பான்.

அன்னிக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல கால் மரத்து, வேர்த்துக் கொட்டி, வாயில இருந்து சத்தம் வரப் பார்த்துச்சு. அப்பா முன்னால ஓலமிட்டுருவேனோன்னு பயந்துதான் ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்திருந்தா அந்தச் சத்தம்தான் வந்திருக்கும்.

இப்ப தரையில சாயாம எவ்வளவு நேரம் உட்கார முடியும்னு அளந்து, அதுலயும் கொஞ்சம் குறைச்சு, அதுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க. என் கணக்கு ஆறு நிமிஷம். சிரிச்சுக்கோங்க. அஞ்சு நாளைக்கு ஒரு நிமிஷம் கூட்டணும். நல்ல நாள்ல கூடுதலா உட்காரக் கூடாது, கெட்ட நாள்ல குறைக்கவும் கூடாது.

எனக்கு அப்பா பட்டம் வேணும் அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்றேன். சித்தப்பாகிட்ட ஜனவரி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க.

தம்பி ஃபெரெதி


வைமாலு
7 மே 1995

ஃபெரெதி,

ஆறு நிமிஷம்! நம்ம ஊர்ல சபையில குடிக்கிற அவா வேரைக் கரைச்சுப் பிழிஞ்சு முதல் கிண்ணம் தூக்கவே அதைவிட நேரம் ஆகும். பட்டம் கட்டுறதுன்னா மூணு மணி நேரமாவது சம்மணம் போட்டு இருக்கணும். முதுகுக்குத் தூண் கிடைக்கும், அப்பா சாய்ஞ்ச அதே தூண். ஆனா காலுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. காலை நீட்டி அதுமேல பாய் போட்டு மூடிக்கிறது கிழவங்களுக்கும் பிள்ளைத்தாச்சிக்கும்தான். நீ இதுல எதுன்னு சித்தப்பா கேட்கிறார்.

ஆனாலும் பேசிட்டேன். காலையில அவருக்குக் கஞ்சி குடுக்கிற சாக்குல பேசினேன். சரி, வரட்டும், உட்காரட்டும், நடுவுல எழுந்து போனா அப்பவே கிண்ணத்தை அலபாத்தி பக்கம் திருப்பி விட்டுருவேன்னு சொல்லிட்டார். இதுக்கு மேல அவர்கிட்ட என்னால கெஞ்ச முடியாது.

இங்க என் பாட்டைக் கேளு. உனக்குப் பட்டமோ அலபாத்திக்குப் பட்டமோ, எவனுக்கா இருந்தாலும் நம்ம வீட்டுப் பாய் ஒண்ணு அன்னிக்குச் சீராப் போய்ச் சேரணும். தாழை ஓலையை நரம்பு நரம்பாக் கிழிச்சு ஆரம்பிச்சிருக்கேன். துணி மாதிரி மெல்லிசா வரும். காலையில பெண்கள் முடையற வீட்டுக்குப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்றேன். எல்லாரும் என் கையைத்தான் பார்ப்பாங்க, அக்கெனேசே பாய்னா இழை பிசிறாதுன்னு ஒரு பேரு. எனக்கும்தான் இடுப்பு வலிக்குது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா? முடையறதை விட்டுட்டு முட்டைக் கடிகாரம் வச்சேனா?

அப்பா உன்னை நம்பினார்னு எழுதியிருந்தே. அதை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

அக்கெனேசே


மாங்கரே
18 ஜூலை 1995

அக்காவுக்கு,

படுத்துக்கிட்டு எழுதுறேன், எழுத்து கோணலா இருக்கும். அலபாத்திக்கே குடுத்துடச் சொல்லுங்க. அவன் நல்லா உட்காருவான்.

இருபது நிமிஷம் வந்துட்டேன் அக்கா. சத்தியமா. மே, ஜூன் பூரா மழையில வீட்டுக்குள்ளயே பாய் விரிச்சு, கடிகாரம் வச்சு, அஞ்சு நாளைக்கு ஒண்ணு, அஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னு ஏத்தினேன். சும்மா உட்கார்ந்திருக்கிறது எவ்வளவு பெரிய தொல்லை. கை சும்மா இருக்காது. மனசு அதைவிட. பக்கத்து வீட்டுக்காரன் காரைத் திருப்புற சத்தம், லோசா அரிசி கழுவுற சத்தம், எல்லாம் எழுந்திரு எழுந்திருன்னு சொல்ற மாதிரி இருக்கும். மூச்சை எண்ணுன்னு நைரீ சொல்லிக் குடுத்தா. எண்ணிட்டே வந்து பாதியில உங்க லெட்டர் நினைப்பு வந்து, திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணுவேன்.

போன வாரம் தேவாலயத்துல ஒரு பெரியவருக்கு விருந்து, அவா வச்சாங்க. காலையில எழுந்தப்பவே உடம்பு லேசா இருந்துச்சு. நல்ல நாள். கடிகாரத்தை வேணும்னே வீட்டுல விட்டுட்டுப் போனேன். வரிசையில உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் தாண்டியும் ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் தாண்டியும் ஒண்ணும் இல்ல. எனக்குத் தலைகால் புரியலை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். மனசுக்குள்ள உங்களைத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்க அக்கா, பாருங்கன்னு.

ராத்திரி கக்கூஸுக்குத் தவழ்ந்துதான் போனேன். இன்னிக்கு ஆறாவது நாள்.

வகுப்பு முடியறப்ப ஒவ்வொருத்தனும் இந்த மாதிரி நாளுக்குன்னு தன் கையாலயே ஒரு தாள் எழுதி வச்சுக்கணும். என்னோடது ஐஸ்பெட்டிக் கதவுல ஒட்டியிருக்கு. லோசா அதைக் கொண்டுவந்து படிச்சுக் காட்டினா: "இது உடைஞ்சது இல்ல, வலிக்கிறது மட்டும்தான். ரெண்டு நாள் ஓய்வு, மூணாம் நாள் நடை. பாதியில இருந்து ஆரம்பி. யார் மேலயும் எரிஞ்சு விழாதே." என் கையெழுத்துதான். நான் தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிஞ்சு அவ மேல எரிஞ்சு விழுந்தேன். அவ அதை நீவி எடுத்துத் திரும்பக் கதவுல ஒட்டிட்டு வேலைக்குப் போயிட்டா.

பத்து நிமிஷத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கணுமாம். ஜனவரிக்குள்ள எங்க ஆகப் போகுது? எனக்கு அலுத்துப் போச்சு.

ஃபெரெதி


வைமாலு
20 ஆகஸ்ட் 1995

தம்பி,

அலபாத்திக்குக் குடுக்கச் சொல்லி எழுதினதை நான் சித்தப்பாகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். வாயைக் கழுவு.

இப்ப நான் எழுதப் போறதை லோசாகிட்டகூடச் சொல்லாதே. போன செவ்வாய்க்கிழமை முடையற வீட்டுல மத்தியானம் எல்லாரும் சாப்பிட எழுந்தாங்க. நான் எழுந்தேன், எழ முடியலை. இடுப்புக்குக் கீழ என்னோடது இல்லாத மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேர் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினாங்க. கால் மரத்துப் போச்சுன்னு சொல்லிச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கதவு இல்லாத வீட்டுல எங்க போய் அழறதுன்னு தெரியாம, குளிக்கிற இடத்துல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

இது முதல் தடவை இல்ல. ஏழு வருஷமா இருக்கு. காலையில குனிஞ்சு பெருக்க முடியாது, பிள்ளைங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாலயே உட்கார்ந்துக்கிட்டே பெருக்கிடுவேன். தேவாலயத்துல முழங்கால் போட்டா பாட்டு முடியற வரைக்கும் ஆண்டவரை நினைக்கிறதில்ல, எப்படி எழுந்திரிக்கிறதுன்னுதான் நினைப்பேன்.

உன் ஆறு நிமிஷக் கணக்கை எனக்கு எழுது. எதுல ஆரம்பிக்கணும், எப்ப கூட்டணும், எல்லாம். கடிகாரம் ஒண்ணு அனுப்பு. மேல பிஸ்கட் பாக்கெட் வச்சு மூடி அனுப்பு, தபால் ஆபீஸ்காரன் பிரிச்சுப் பார்ப்பான்.

அக்கா


மாங்கரே
10 செப்டம்பர் 1995

அக்காவுக்கு,

கடிகாரமும் பிஸ்கட்டும் தனியா வருது. கணக்கை ஒரு தாள்ல எழுதி உள்ள வச்சிருக்கேன். மூணு நாள் அளங்க. வலி ஏற ஆரம்பிக்கிற நேரத்தைக் குறிங்க. அதுல அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சுட்டு ஆரம்பிங்க. அடிச்சதும் இழை பாதியில இருந்தாலும் விட்டுட்டு எழுந்துடணும். இன்னும் ஒரு வரிசைன்னு கை சொல்லும். சொல்றப்பதான் எழுந்துடணும்.

இதோட லெட்டரை முடிச்சிருக்கணும். லோசாவும் முடிச்சிடுன்னுதான் சொன்னா. என்னால முடியலை.

ஏழு வருஷம் அக்கா. ஏழு வருஷமா உங்களுக்கும் இருக்கு. அப்ப அன்னிக்குப் பாதிரியார் வண்டிப் பக்கத்துல வந்து நின்னீங்களே, என் முகத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். அலபாத்தி பொண்டாட்டி சிரிச்சா, அவளுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்காக ஒரு வார்த்தை பேசாம, வீட்டுக்குப் போய் எனக்குப் பொய் எழுதாதேன்னு லெட்டர் போட்டிருக்கீங்க.

அடிச்சிருச்சு. எழுந்து நடந்தேன். கோபம் குறையலை, அதனால அப்படியே அனுப்புறேன். அக்காகிட்ட இப்படிப் பேசினதுக்கு அப்பா இருந்தா என் காதைத் திருகியிருப்பார்.

ஃபெரெதி


வைமாலு
15 அக்டோபர் 1995

தம்பி ஃபெரெதிக்கு,

எட்டு நிமிஷத்துக்குத் திருகியிருக்கேன். முதல் தடவையாக் கடிகாரம் வச்சு எழுதுற லெட்டர்.

நீ எழுதினது சரி. எனக்குத் தெரியும். உன் நெத்தியில வேர்வையைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. உனக்கு ஆமாம்னு சொன்னா எனக்கும் ஆமாம்னு சொல்லணும். எனக்கு ஆமாம்னு சொன்னா நாளைக்கு அந்த வீட்டுல பாய் முடைய என்னைக் கூப்பிட மாட்டாங்க, பாவம் அக்கெனேசேன்னு ஓரமா உட்கார வச்சு ஓலை கிழிக்கச் சொல்லுவாங்க. அந்தப் பயம். அந்தப் பயத்துல உன்னை விட்டுக் குடுத்துட்டேன். கோபமா எழுதினா பயம் வெளியே தெரியாதுன்னு

அடிச்சிருச்சு.

வந்தேன். இதுல என்ன இருக்குன்னு நினைச்சேன், பேச்சு நடுவுல எழுந்தா மனசு என்னமோ அரிக்குது. நீ எப்படித்தான் மாசக்கணக்கா இருந்தியோ.

முடையற வீட்டுல முதல் நாள் கடிகாரம் அடிச்சதும் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாளுங்க. அக்கெனேசே வீட்டு முட்டை வெந்துருச்சாம்டின்னு ஒருத்தி. அவிச்சதா, அரை வேக்காடான்னு இன்னொருத்தி. இப்ப தினமும் நான் எழுந்தா யாராவது கோழி மாதிரி கொக்கரிக்கிறாங்க. இடுப்புன்னு சொல்லலை. டாக்டர் சொன்னார்னு பொதுவாச் சொல்லி வச்சிருக்கேன்.

சேதி என்னன்னா, பாய் முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். எட்டு எட்டு நிமிஷமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்தாலும் ஜனவரிக்குள்ள முடியாது. பழைய மாதிரி உட்கார்ந்தா முடிஞ்சிடும். மூணே மாசம், பல்லைக் கடிச்சா முடிஞ்சிடும். அப்புறம் நான் என்ன ஆவேன்னு தெரியாது. என்ன பண்ணட்டும் சொல்லு. உங்கிட்ட யோசனை கேட்பேன்னு நான் நினைச்சதே இல்ல.

அக்கா


மாங்கரே
3 டிசம்பர் 1995

அக்காவுக்கு,

பல்லைக் கடிக்காதீங்க. எனக்காகக் கடிக்கவே கடிக்காதீங்க. நான் பன்னி தூக்கினதுதான் நீங்க அந்தப் பாயை முடிக்கிறது. ரெண்டும் ஒண்ணுதான்.

முப்பத்தாறு நிமிஷம் வந்திருக்கேன். நடுவுல ஒரு தடவை சறுக்கிச்சு, ஆனா தாளைக் கசக்கலை. ஜனவரிக்கு நாற்பது வரும். மூணு மணி நேரம் வராது. வரவே வராது, அடுத்த வருஷமும் வராது. இதை ஏத்துக்கத்தான் எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ராத்திரி தூக்கம் வராம நைரீக்கு ஒரு நாள் போன் பண்ணி, அவ்வளவு கஷ்டப்பட்டும் நாற்பதுதானான்னு சண்டை போட்டேன். ஆறுல இருந்து இவ்வளவு தூரம் வந்த மனுஷன் நீதானேன்னு கேட்டா.

அதனால சித்தப்பாவுக்கு நேராவே எழுதிட்டேன். நாற்பது நிமிஷம் சம்மணம் போடுவேன், அதுக்கு மேல காலை நீட்டி மூடிக்கிட்டு உட்காருவேன், ஆனா எழுந்து போக மாட்டேன்னு. ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சுத்தான் ஊர் நம்மளைப் பார்த்துச் சிரிச்சுது. இனிமே சொல்லிட்டே உட்காருவேன்.

நாங்க ஜனவரி பதினாறாம் தேதி வர்றோம். இந்தத் தடவை பன்னி பக்கமே போக மாட்டேன். லோசா காவல்.

ஃபெரெதி


வைமாலு
26 டிசம்பர் 1995

தம்பி,

சித்தப்பா உன் லெட்டரைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல எல்லார் முன்னாலயும் சத்தமாப் படிச்சார். பட்டம் வாங்கறவன் காலை நீட்டினதா இந்த வம்சத்துல இல்லன்னார். நீ பாய் கேட்டா யாரும் எழுந்து எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டார். காலை நீட்டினா மூடாத காலைத்தான் நீட்டணும், அதுக்கு அவனுக்குத் தைரியம் இருந்தா நீட்டட்டும்னார். அலபாத்தி வெள்ளைச் சட்டை தச்சு வச்சிருக்கான்.

நான் அங்க ஒண்ணும் பேசலை. பயமா இருக்குடா.

என் கணக்கு இப்ப பதினெட்டு.

அக்கா


மாங்கரே
4 பிப்ரவரி 1996

அக்காவுக்கு,

அந்தக் கூட்டத்துல உங்ககூட ரெண்டு வார்த்தை தனியாப் பேச முடியலை. திங்கக்கிழமைப் படகுக்கு ஓடிட்டோம். பேச விட்டிருந்தாலும் நேர்ல பேச நமக்கு எப்பவுமே வராது. எழுதத்தான் வரும்போல.

அப்பா தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்தப்ப தூண் வழுவழுன்னு இருந்துச்சு. அவர் முதுகு தேய்ச்சது. கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். பேச்சு மேல பேச்சு. இருபத்தஞ்சுல கால் கூசிச்சு. முப்பத்தஞ்சுல வேர்த்துச்சு. நாற்பது ஆனப்ப அவா வேரை இன்னும் பிழிஞ்சுக்கிட்டே இருக்காங்க. எதிர்ல அலபாத்தி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கான். சித்தப்பா என்னையே பார்க்கிறார். நாற்பத்தொண்ணு, நாற்பத்திரெண்டு. அவ்வளவு தைரியமா எழுதினேனே, அக்கா, அங்க எனக்குக் காலை நீட்ட வரலை. ஊரு பூரா இருக்கு, மூடாத காலை எப்படி நீட்டுவேன்? எழுந்து ஓடிடுவோம்னுதான் உடம்பு முடிவு பண்ணிச்சு. கையைத் தரையில ஊணிட்டேன்.

அப்பதான் பின்னால பெண்கள் வரிசையில சலசலப்பு. பார்த்தா நீங்க. குனிஞ்சு, மன்னிக்கணும் மன்னிக்கணும்னு சொல்லிக்கிட்டே பட்டக்காரங்க அத்தனை பேருக்கும் முன்னால நடந்து வர்றீங்க. கையில அந்தப் பாய். முடியாத பாய். ஓரம் கட்டாம, இழை இழையாத் தொங்குது. நீங்க முடையற பாய்ல ஒரு பிசிறு இருந்தா அவிழ்த்துப் போட்டுத் திரும்ப முடைவீங்க. அதைக் கொண்டு வந்து என் முழங்கால் மேல விரிச்சு, கால் பக்கம் இழுத்து விட்டு, "நீட்டுடா"ன்னீங்க. யார் காதுலயும் விழாத மாதிரி. நான் நீட்டினேன்.

தம்பிதான் அக்காவுக்குப் பாய் போடணும். அப்படித்தான் வளர்ந்தோம். அக்கா தம்பி காலை மூடி எந்தச் சபையிலயும் நான் பார்த்ததில்ல. எல்லாரும் தொங்குற இழையையே பார்த்தாங்க. என் காலை யாரும் பார்க்கலை. அக்கெனேசே முடிக்காத பாயா, அதையும் காலுக்கா போட்டான்னு பின்னால ஒருத்தி கேட்டது எனக்கே காதுல விழுந்துச்சு. சித்தப்பா ரொம்ப நேரம் அந்தப் பாயைப் பார்த்துட்டு, பட்டத்துக்கான கிண்ணத்தை என் பக்கம் கொண்டு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நான் குடிச்சுட்டுத் திரும்பினப்ப உங்க இடம் காலியா இருந்துச்சு. கடைசி வரைக்கும் காலியாவே இருந்துச்சு. பாயைப் பத்தி அவளுங்க பேசினது தாங்காம அழப் போயிட்டீங்கன்னு லோசா சொன்னா. எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க. இதை நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்னு தெரியலை. ரெண்டு வாரமா இதேதான் நினைப்பு, உட்காரவும் முடியலை, நிக்கவும் முடியலை.

தம்பி


வைமாலு
25 பிப்ரவரி 1996

பட்டத்துக்குரிய தோஃபாமாலு அவர்களுக்கு, தங்கள் தமக்கை வணக்கத்தோடு எழுதிக் கொள்வது.

போதும். அப்பாவோட இந்தப் பட்டப் பேரும் மரியாதையும் சபைக்கு மட்டும்தான்.

தம்பி, இருபத்தாறு நிமிஷம் திருகியிருக்கேன், நிறைய இருக்குன்னு நினைக்காதே. பாய் திரும்ப முடையற வீட்டுக்கே வந்துடுச்சு, ஈஸ்டருக்கு ஓரம் கட்டிடலாம். கொக்கரிக்கிறது நின்னுடுச்சு. அலபாத்தி பொண்டாட்டி நேத்து வந்து, கால் மரத்துப் போறதுக்கும் அந்தக் கடிகாரம் கேட்குமான்னு கேட்டா. வேற யாருக்கோ கேட்கிறாளாம். ரெண்டு வாங்கி அனுப்பு.

உன் லெட்டர்ல ஒரு இடம் தப்பு. நீ அதை நெஞ்சுல தூக்கி வச்சுக்கிட்டு அலையறதுக்கு முன்னால சொல்லிடறேன்.

நான் உனக்காக எழுந்திரிக்கலை. அன்னிக்கு என் கணக்கு இருபத்திமூணு. சபையில எழ முடியாதேன்னு நாற்பது வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கண்ணுல பூச்சி பறக்குது. உன் பக்கம் பார்க்கிற தெம்பே எனக்கு இல்ல. பாயைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்ததுகூட இடுப்புக்கு அண்டை குடுக்கத்தான். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தா கத்திடுவேன்னு தெரிஞ்சதும் எழுந்துட்டேன். எழுந்தாச்சு, ஊரே திரும்பிப் பார்க்குது, எங்க போறதுன்னு தெரியலை. அப்பதான் உன் கை தரையில ஊணியிருந்ததைப் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் பாய், அதுக்கப்புறம்தான் உன் கால், எல்லாம்.

நான் அழவும் போகலை. உன் காலை மூடிட்டு நேரா வெளியே போய், பாதிரியார் வண்டியோட பின்பலகையில ஏறி மல்லாந்து படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல பாதிரியார் வந்து எட்டிப் பார்த்து என்னம்மான்னு கேட்டார். "இடுப்பு"ன்னேன்.

அக்கா